மங்கிய கல் தரைக்கு மீண்டும் மெருகு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும் பொங்கலும் அடுத்தடுத்து வரும் காலம், நம் இல்லங்களுக்கு வெள்ளையடிக்கும் காலம். சுவர்கள் புதுப்பொலிவு பெற்ற பின்னர்தான் தரையின் நிலை நம் கண்ணில் உறுத்துகிறது. இராஜபாளையத்திலும், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஒரு தலைமுறைக்கு முன் எழுந்த வீடுகள் பலவற்றில் கடப்பைக் கல்லோ, மொசைக்கோ, சலவைக் கல்லோ பதித்திருப்பதைக் காண்கிறோம். பதித்த நாளில் முகம் பார்க்கலாம் போலிருந்த தரை, இன்று சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கிறது.

"இதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாமா? இல்லையேல் மேலே ஏதேனும் பூச்சு அடித்துவிடலாமா?" என்ற பேச்சு அப்போது வீட்டில் எழுகிறது. பெயர்ப்பது பெருஞ்செலவு. பழைய தரையின் மீதே புது டைல்ஸ் ஒட்டுவதென்றாலும் தரைமட்டம் ஓரிரு அங்குலம் உயரும். கதவுகளின் அடிப்பாகத்தை அறுக்க வேண்டும். வாசற்படியின் கணக்கும் மாறும். இதற்கெனக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இச்செலவு தேவையற்றது. ஏனெனில் நாம் இழந்துவிட்டதாக எண்ணும் மெருகு எங்கும் போய்விடவில்லை. அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை முறையறிந்து வெளிக்கொணரலாம்.

ஒளி எங்கே போயிற்று?

கல் தரையின் பளபளப்பு மேலே பூசிய பொருளால் வருவதன்று. கல்லின் முகம் மிக நுண்மையாகச் சமன் செய்யப்படும்போது, அதன்மேல் விழும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அதையே மெருகு என்கிறோம். அந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் கீறல்களும் குழிகளும் விழுந்துவிட்டால், ஒளி நாற்புறமும் சிதறுகிறது. கல் மங்கித் தோன்றுகிறது.

இதை நாமே சோதித்தறியலாம். மங்கிய இடத்தில் கைப்பிடி நீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்த பகுதி உடனே கருத்து, பழைய நிறமும் ஒளியும் பெற்றுத் தோன்றினால், நீர் அந்தக் கீறல்களை நிரப்பித் தற்காலிகமாகச் சமன் செய்துவிட்டது என்று பொருள். நீர் உலர்ந்ததும் மங்கல் திரும்பிவிடும். இவ்வாறு நனைந்தால் ஒளிரும் தரை, நுண்மையாகத் தேய்த்தால் நிலையாக ஒளிரும்.

நம் வீட்டில் உள்ளது எந்தக் கல்?

மருத்துவம் தொடங்குமுன் நோயாளி யாரென்று அறிய வேண்டுமல்லவா? கல்லுக்கும் அவ்வாறே.

கடப்பைக் கல் ஆந்திர மாநிலத்தின் கடப்பை மாவட்டத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும் வெட்டப்படும் சுண்ணாம்புக் கல். ஏடு ஏடாகப் பிளக்கும் இயல்புடையது. ஆதலால்தான் பலகை பலகையாக எளிதில் கிடைக்கிறது. இராஜஸ்தானின் கோட்டாப் பகுதியிலிருந்து வரும் பச்சை கலந்த சாம்பல் நிறக் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. சலவைக் கல் என்பது, மண்ணுக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக் கல். தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாவின் சலவைக் கல்லும் இவ்வினமே. மொசைக் தரையோ, சலவைக் கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்தது.

சுண்ணாம்புக் கல் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. பந்தல்குடிப் பகுதியில் அது வெட்டி எடுக்கப்படுகிறது. இராமசாமிராஜா நகரிலும், 1970-இல் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள் எழுந்ததற்கு இக்கல்லே காரணம். சூளையில் வெந்து சிமெண்டாகும் அக்கல்லும், நம் கூடத்தில் பதிந்திருக்கும் கடப்பைக் கல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் முதன்மையானது கால்சியம் கார்பனேட் என்னும் பொருள்.

கருங்கல் எனப்படும் கிரானைட் முற்றிலும் வேறானது. 1812-இல் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அந்த அளவில் சுண்ணாம்புக் கல்லின் கனிமமாகிய கால்சைட் 3 பெறுகிறது. கிரானைட்டில் உள்ள குவார்ட்சு 7 பெறுகிறது, வைரம் 10. ஆகவே, பேனாக்கத்தியின் முனையால் ஒரு மூலையில் மெல்லக் கீறிப் பார்த்தால், சுண்ணாம்பு இனக் கல்லில் கோடு விழும். நல்ல கிரானைட்டில் விழாது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீடுகளில் காணப்படும் சிவப்புச் சிமெண்டுத் தரை கல்லன்று. செட்டிநாட்டு வீடுகளில் புகழ்பெற்ற ஆத்தங்குடிக் கல்லும் பெயரளவிலேதான் கல். அது சிமெண்டாலும் வண்ணத்தாலும் கண்ணாடிமேல் வார்த்தெடுக்கப்படுவது. இவற்றின் வண்ணம் மேலே ஒரு மெல்லிய படலமாக மட்டுமே உள்ளது. இவற்றின்மீது சாணை இயந்திரத்தை ஓட்டினால் வண்ணமே போய்விடும்.

மங்கச் செய்யும் பகைவர் மூவர்

முதற்பகைவன் மணல். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைப் பக்கமிருந்து வீசும் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் புழுதியில் குவார்ட்சுத் துகள்கள் கலந்துள்ளன. கடினம் 7 உடைய துகள், கடினம் 3 உடைய கல்லின்மீது நம் காலடியில் சிக்கி உராயும்போது என்ன நேரும்? ஒவ்வோர் அடியும் ஒரு கீறல். நடுக்கூடத்திலும் வாயிற்பக்கத்திலும் தரை மங்கியிருக்க, கட்டிலுக்கு அடியில் மட்டும் பளபளப்பு மாறாதிருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாம் பகைவன் புளிப்பு. கால்சியம் கார்பனேட்டின்மீது அமிலம் பட்டால் அது கரைந்து வாயுவாக நுரைக்கும். எலுமிச்சை, புளிக்கரைசல், மோர், வினிகர் ஆகியவை சிந்திச் சில நிமிடங்கள் கிடந்தாலே கல்லின் முகம் அரிக்கப்பட்டு, வட்டமாகவோ வழிந்த கோடாகவோ ஒரு மங்கல் தோன்றும். இராஜபாளையத்தில் மாம்பழக் காலம் எல்லா வீட்டுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஊறுகாய்க்கு மாங்காய் அரிவது கடப்பைக் கல் தரையில் என்றால், அடியில் ஒரு பழந்துணியோ பாயோ விரிப்பது நலம். இத்தகைய தடத்தைக் கறை என்று எண்ணிப் பலர் தேய்த்துத் தேய்த்துக் கை சலிக்கின்றனர். அது கறையன்று, காயம். கழுவினால் போகாது, தேய்த்துச் சமன் செய்தால்தான் போகும்.

இவ்வினத்தில் மிகக் கொடியது கழிப்பறைக்கென விற்கும் ஆசிட். வெள்ளையடித்தபின் சிந்திய சுண்ணாம்புத் துளிகளைப் போக்க அதைத் தரையில் ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. துளியும் போகும், கூடவே பல ஆண்டு மெருகும் ஒரு பிற்பகலில் போய்விடும். அத்துடன் நில்லாமல், அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவுவோர் உளர். இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. எக்காரணம் கொண்டும் இவற்றைச் சேர்க்கலாகாது.

மூன்றாம் பகைவன் படலம். உப்பு மிகுந்த கிணற்று நீரில் துடைத்துத் துடைத்து ஏறிய வெண்படலம், கடினநீரும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் பிசுபிசுப்பு, கடப்பைக் கல் கருமையாக இருக்க வேண்டுமெனத் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவியதால் படிந்த அழுக்கு ஆகியவை இதில் அடங்கும். எண்ணெய் தடவிய அன்று தரை அழகாகத் தோன்றும். மறுநாள் முதல் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதியோர் வழுக்கி விழவும் அது காரணமாகும்.

தேய்க்குமுன் சில சோதனைகள்

மங்கலுக்குக் காரணம் படலம் மட்டும்தானா, கீறலா என்று முதலில் தெளிதல் வேண்டும். ஓரமாக ஒரு சதுர அடி இடத்தைத் தேர்ந்து, அமிலமும் காரமும் இல்லாத மிதமான திரவ சோப்பைச் சிறிது நீரில் கரைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, நல்ல நீரால் இருமுறை அலசி, துணியால் ஒற்றி உலர விடுங்கள். அவ்விடம் ஒளி பெற்றுவிட்டால் வீடு முழுவதும் அவ்வாறே கழுவினால் போதும். செலவு சில நூறு ரூபாயோடு நின்றுவிடும். ஒளி பெறாவிடில் தேய்ப்பே வழி.

அடுத்து, ஒரு சிறு கட்டையால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். "டொக் டொக்" என்று வெற்றோசை எழுந்தால் அடியில் சாந்து விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் பெயர்த்து மீண்டும் பதித்தாக வேண்டும். இயந்திரத்தின் பாரத்தில் அப்பலகை விரிந்துவிடும். துடைத்தும் துடைத்தும் வெண்பொடி மீண்டும் மீண்டும் பூப்பதைக் கண்டால், அடியிலிருந்து ஈரம் உப்பைக் கொண்டு மேலேறுகிறது என்று அறியலாம். கசியும் குழாயையோ, சுவரோரம் தேங்கும் மழைநீரையோ சரிசெய்யாமல் எத்தனை முறை மெருகேற்றினாலும் பயனில்லை.

எண்ணெய்க் கறை ஆழமாக ஊறியிருந்தால் அதற்கும் ஓர் எளிய வழி உண்டு. முல்தானி மட்டியையோ சாக்குக் கட்டித் தூளையோ அசிட்டோனில் குழைத்து, கறையின்மேல் கால் அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருநாள் விட வேண்டும். பின்னர் தாளை நீக்கி நன்கு உலரவிட்டால், மண் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறையில் போகாவிடில் மீண்டும் செய்யலாம். தேயிலை, காப்பிக் கறைக்கு அசிட்டோனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏற்றது. ஆனால் கரிய கல்லை அது வெளுக்கக் கூடுமாதலால் மூலையில் சோதித்த பின்னரே கையாளுக. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

மெருகேற்றும் முறை

1891-இல் அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் மின்உலையில் கார்போரண்டம் என்னும் கடினப் பொருளை உருவாக்கினார். வைரத்துக்குச் சற்றே குறைந்த கடினம் உடையது அது. அதனாலாகிய சாணைக் கற்களைப் பொருத்திய சுழல் இயந்திரமே நம் ஊர்களில் மொசைக் தரையைத் தேய்த்துவந்தது. இன்று சலவைக் கல்லுக்கு வைரத்தூள் பதித்த வட்டுகள் பெரிதும் பயன்படுகின்றன. கருவி எதுவாயினும் தத்துவம் ஒன்றே. பெருங்கீறலைச் சிறுகீறலால் அழித்து, சிறுகீறலை அதனினும் நுண்ணிய கீறலால் அழித்துக்கொண்டே செல்வது.

சாணைக் கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் நுண்மையாகும். மொசைக் தரைக்கு 60, 120, 320 என்பது வழக்கமான வரிசை. வைர வட்டுகளில் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று படிகள் உயரும். எல்லா வீட்டுக்கும் முதற்படி தேவையில்லை; ஆழ்ந்த கீறலும் மேடுபள்ளமும் உள்ள தரைக்கே அது வேண்டும். மெருகு மட்டும் குறைந்த தரையை 200-லிருந்தோ 400-லிருந்தோ தொடங்கலாம். தேவையின்றிக் கல்லை உரிப்பது, உடல்நலம் உள்ளவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்கு ஒப்பாகும்.

முதலில் இணைப்புகளில் உள்ள பழைய அழுக்கைச் சுரண்டி, கல்லின் நிறத்துக்கேற்ற வண்ணம் கலந்த சிமெண்டால் நிரப்பி, சில நாள் ஈரம் காட்டி இறுகவிட வேண்டும். பின்பு நீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் முடிந்ததும் கல்சேற்றை முற்றாகக் கழுவி அகற்ற வேண்டும். முந்திய படியின் ஒரு முரட்டுத் துகள் தங்கிவிட்டாலும் அடுத்த படியில் அது வட்ட வட்டமாகக் கீறிவிடும். இடையில் ஒரு படியைத் தாண்டினாலும் அவ்வாறே. அன்று தெரியாத அக்கீறல்கள், மாலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது வெளிப்படும். ஆகவே வேலையைப் பேசும்போதே "எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுதல் இருதரப்புக்கும் நல்லது. முதலில் ஓர் அறையின் மூலையில் நாலடிக்கு நாலடி தேய்த்துக் காட்டச் சொல்லி, அது உலர்ந்தபின் பார்த்து முடிவு செய்யலாம்.

மொசைக், சலவைக் கல் தரைகளுக்கு இறுதியாக ஆக்சாலிக் அமிலத் தூளைச் சிறிதளவு தூவி, நீர் தெளித்து, கம்பளித் திண்டால் அழுத்தித் தேய்ப்பர். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிப்படி இதன் அளவு சதுர மீட்டருக்கு 33 கிராம். பத்துக்குப் பத்து அடி அறைக்கு ஏறக்குறைய 300 கிராம் மட்டுமே. அமிலம் பகை என்று மேலே சொன்னோம். இங்கே அது தேர்ந்த கையில், அளவோடு, தேய்ப்போடு சேர்ந்து பணிபுரிகிறது. மிகுதியாகத் தூவி ஊறவிட்டால் அதுவும் கெடுதலே. மேலும் அது நஞ்சு. வேலை முடியும்வரை குழந்தைகளை அவ்வறையில் விடலாகாது.

கடப்பைக் கல்லைத் தேய்ப்பதில் தனிக்கவனம் வேண்டும். ஏடுகளாகப் பிரியும் கல்லாதலால், முரட்டுச் சாணை பட்டால் மேலேடு செதிலாகப் பெயரக்கூடும். அது கண்ணாடிபோல் ஒளிர வேண்டுமென ஆசைப்படாமல், மென்மையான மங்கிய மெருகோடு நிறுத்துவதே அழகு. குளியலறை, முன்வாசல், படிக்கட்டு ஆகிய இடங்களுக்கு எந்தக் கல்லாயினும் 400 அளவோடு நிறுத்துக. பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதை விட, படிக்கட்டு சற்று மங்கலாயிருப்பது நல்லதல்லவா?

மேற்பூச்சு வேண்டுமா?

"தேய்ப்பெல்லாம் எதற்கு? இதை அடித்தால் ஒரே நாளில் பளபளக்கும்" என்று சொல்லி விற்கப்படும் பூச்சுகள் பல. இவை கல்லின்மேல் படியும் பிளாஸ்டிக் போன்ற தோல். அத்தோல் கல்லைவிட மென்மையானது, எளிதில் கீறல் விழும், நாளடைவில் மஞ்சளிக்கும், அடியிலிருந்து ஈரம் ஏறினால் வெளிறி உரியும். பின்னர் அதைச் சுரண்டி எடுப்பதே தனிச்செலவாகும்.

கல்லுக்குள் ஊறி, நுண்துளைகளை அடைத்து, கறை இறங்காமல் காக்கும் மருந்துகள் வேறு வகை. அவை ஒளி தருவன அல்ல, பாதுகாப்புத் தருவன. மெருகேற்றி நன்கு உலர்ந்த தரைக்கு அவற்றை இடலாம். சில துளி நீரைத் தரையில் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அவ்விடம் கருத்தால் கல் நீரைக் குடிக்கிறது, மருந்து தேவை. துளி துளியாகவே நின்றால் தேவையில்லை.

தேய்ப்பவரின் மூச்சு

நம் தரை ஒளிபெறுவதற்காக உழைப்பவரையும் இங்கே நினைக்க வேண்டும். கல்லையும் சிமெண்டையும் உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசியில் சிலிகாத் துகள்கள் உள்ளன. கிரானைட்டில் இன்னும் மிகுதி. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்போரின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். சிலிகோசிஸ் எனப்படும் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இத்தூசி புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

ஆகவே நீர் விட்டுத் தேய்ப்பது வீட்டில் தூசி படியாமலிருப்பதற்கு மட்டுமன்று. ஒரு தொழிலாளியின் உயிருக்காகவும்தான். "தண்ணீர் விட்டால் சேறாகிறது, உலரத் தேய்த்துவிடுங்கள்" என்று நாம் கேட்கலாகாது. சுவரோரங்களைக் கைச்சாணையால் தேய்க்கும்போதும் நீரும், முறையான முகமூடியும் வேண்டும். கைக்குட்டை கட்டுவது போதாது. நீர் நிற்கும் தரையில் மின் இயந்திரம் ஓடுவதால், கம்பியில் ஒட்டுப்போட்ட இடங்கள் இல்லையென்றும், தரையிணைப்புச் சரியாக உள்ளதென்றும், மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சு பொருத்தியுள்ளதென்றும் பார்த்த பின்னரே வேலை தொடங்கட்டும். கல்சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் அது உறைந்து தெருவுக்கே தொல்லை. தொட்டியில் தெளியவிட்டு, அடிமண்டியை அள்ளித் தனியே அகற்றுக.

கூலியைக் குறைத்துப் பேசிப் பேசி நாம் மிச்சப்படுத்தும் தொகை, பெரும்பாலும் ஒரு படியைத் தாண்டச் செய்வதிலோ முகமூடியைக் கைவிடச் செய்வதிலோ முடிகிறது. நியாயமான கூலியும், நிதானமாகச் செய்யும் அவகாசமும் தந்தால் தரையும் நிற்கும், மனிதரும் நலமாயிருப்பர்.

பின்னர் பேணும் வழி

மெருகேறிய தரையைக் காப்பது பெரும்பாலும் பெருக்குவதில் இருக்கிறது. துடைப்பதற்கு முன் நாள்தோறும் மென்துடைப்பத்தால் மணலைக் கூட்டி அகற்றுக. மணலோடு ஈரத்துணி இழுப்பது சாணை பிடிப்பதற்குச் சமம். வாயிலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரு மிதியடிகள் இடுக. நாற்காலி, மேசைக் கால்களுக்கு ரப்பர்க் குமிழோ துணித் திண்டோ பொருத்துக. புளிப்பான எது சிந்தினாலும் தேய்க்காமல் உடனே ஒற்றி எடுத்து நீரால் கழுவுக. ஆசிட்டைக் கழிப்பறைப் பீங்கானோடு நிறுத்துக. கூடத்துக்குக் கொண்டுவர வேண்டாம். எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுக. உப்புநீர் உள்ள வீடுகளில் துடைத்தபின் உலர்ந்த துணியால் மறுமுறை ஒற்றினால் வெண்படலம் ஏறாது.

இந்தச் சிறு ஒழுங்குகளை வீட்டின் பெண்களிடம் மட்டும் விட்டுவிடாமல், மிதியடியில் கால் துடைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளும், நாற்காலியை இழுக்காமல் தூக்கிவைக்கும் பழக்கத்தை ஆடவரும் மேற்கொண்டால், ஒருமுறை ஏற்றிய மெருகு பல ஆண்டு நிற்கும். வரும் விழாக்காலத்தில் தரையைப் பெயர்க்க ஆளைக் கூப்பிடுமுன், கைப்பிடி நீரைத் தெளித்துப் பாருங்கள். நம் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பதித்த அந்தக் கல் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்க வல்லது. அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை; துலக்கினால் போதும்.